சர்வர் ரூம் கேள்வி-பதில்: பத்திரிகை 1000, இலை 300

கேள்வி: சார், எங்கள் பனியன் கம்பெனியில் ஒரே ஒரு ப்ராக்ஸ்மாக்ஸ் சர்வர் (ஒரே மெஷினுக்குள் பல மெய்நிகர் கம்ப்யூட்டர்களை, அதாவது விஎம்களை, ஓட்டும் மென்பொருள்). 1 டிபி எஸ்எஸ்டி, ஆறு விஎம், ஒவ்வொன்றுக்கும் 200 ஜிபி கொடுத்திருக்கிறோம். போன வாரம் டேலி இருக்கும் விண்டோஸ் விஎம் அப்படியே உறைந்து நின்றுவிட்டது. திரையில் அதன் பெயர் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம், ‘ஐஓ-எரர்’ என்று. ஆனால் விண்டோஸுக்குள் சி டிரைவில் 120 ஜிபி காலி இருந்ததே! டிஸ்க் போய்விட்டதா?
- வாசகர், திருப்பூர்

பதில்: போகவில்லை, நிரம்பிவிட்டது. விண்டோஸ் பார்ப்பது நீங்கள் அதற்குக் காட்டிய டிஸ்க்கை. நிஜ டிஸ்க் கீழே ஹோஸ்டில், அதாவது விஎம்களைத் தாங்கும் நிஜ சர்வரில், இருக்கிறது. ஆறு இருநூறு 1200. ப்ராக்ஸ்மாக்ஸ் தனக்கென்று எடுத்துக்கொண்டது போக உங்கள் எஸ்எஸ்டியில் தேறுவது சுமார் 800 ஜிபி. இதற்குத் தின் ப்ரொவிஷனிங் என்று பேர். கல்யாணத்துக்கு 1000 பத்திரிகை அடித்துவிட்டு 300 இலை வாங்கி வைக்கிற மாதிரி. எல்லாரும் வந்துவிட மாட்டார்கள் என்ற தைரியம்தான். நிறைய நாள் ஓடும். இலை தீர்ந்த நேரம் பார்த்துப் பந்தியில் வந்து உட்கார்ந்தது உங்கள் டேலி.

ஹோஸ்டின் ஷெல்லில் ‘எல்விஎஸ்’ என்று தட்டுங்கள். ‘டேட்டா’ என்ற தலைப்பின் கீழ் 100.00 என்று நிற்கும். பக்கத்திலேயே ‘மெட்டா’ இருக்கும், அதையும் பாருங்கள். எந்த பிளாக் எங்கே இருக்கிறது என்ற கணக்குப் புத்தகம் அது. அதுவும் நிரம்பிவிட்டால் பூலையே (எல்லா விஎம்மும் பங்கிட்டுக்கொள்ளும் டிஸ்க் இடம்) ரிப்பேர் செய்ய வேண்டி வரலாம்.

இந்த நிலையில் விஎம்மை ரீசெட் மட்டும் செய்யாதீர்கள். எழுத இடமில்லாமல் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். முதலில் இடம் பண்ணுங்கள்: பழைய ஸ்னாப்ஷாட் (விஎம் ஒரு நேரத்தில் இருந்த நிலையைப் பிடித்து வைத்தது), யாரும் தொடாத டெஸ்ட் விஎம். அப்புறம் ‘ரெஸ்யூம்’ கொடுத்தால் பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்தே ஓட ஆரம்பிக்கும்.

நானே இதில் மாட்டியிருக்கிறேன். ஒரு ஆஸ்பத்திரியில் இரவு 2 மணிக்கு இதே மஞ்சள் முக்கோணம். பில்லிங் கவுன்டரில் இருந்தவர் கையால் ரசீது எழுதிக்கொண்டிருந்தார். ஸ்னாப்ஷாட் பட்டியலைத் திறந்தால் ‘டெலீட்-டுமாரோ’ என்று ஒன்று. வயது 14 மாதம். வைத்தவன் வேறு யாருமில்லை, அடியேன்தான். அழித்ததும் பூல் 100-இலிருந்து 71-க்கு இறங்கியது.

சரி, அந்த 120 ஜிபி எங்கே போனது? விண்டோஸ் ஒரு ஃபைலை அழித்தாலும் அந்தச் சேதி கீழே பூலுக்குத் தானாகப் போகாது. விஎம்மின் டிஸ்க் அமைப்பில் ‘டிஸ்கார்ட்’ என்பதை டிக் செய்யுங்கள். விஎம்மை ஒரு தடவை முழுக்க அணைத்துப் போடுங்கள். உள்ளிருந்து கொடுக்கும் ரீஸ்டார்ட் போதாது. பிறகு விண்டோஸில் ‘ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்’ ஓட்டுங்கள். லினக்ஸ் விஎம் என்றால் ‘எஃப்எஸ்ட்ரிம்’. ஸ்னாப்ஷாட் இருக்கும்வரை அது பிடித்து வைத்திருக்கும் இடம் திரும்பாது. அதனால் ஸ்னாப்ஷாட்டை அழித்துவிட்டு இதைச் செய்யுங்கள்.

கேள்வி: ராத்திரி 1 மணிவாக்கில் எங்கள் டேட்டாபேஸ் விஎம் தானாக அணைந்துவிடுகிறது. விஎம்முக்குள் லாக்கில் ஒன்றுமே இல்லை. ஹோஸ்டில் 32 ஜிபி ரேம், விஎம்களுக்கு மொத்தம் 24 ஜிபி. டிஸ்க்குக்கு இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் போட்டிருக்கிறோம்.
- வாசகர், மதுரை

பதில்: உள்ளே லாக் இருக்காது. கொலை வெளியிலிருந்து நடந்திருக்கிறது. ஹோஸ்டில் ‘ஜர்னல்சிடிஎல்’ கட்டளையால் கெர்னல் லாக்கை எடுத்து அந்த நேரத்தைப் பாருங்கள். ‘அவுட் ஆஃப் மெமரி’ என்ற வரியும், அதில் கொல்லப்பட்ட ப்ராசஸாக, விஎம்மை ஓட்டும் ‘கேவிஎம்’ பெயரும் அநேகமாக இருக்கும். ரேம் தீர்ந்தால் ஹோஸ்டை இயக்கும் லினக்ஸ் ஒருவரைப் பலி கொடுக்கும். பொதுவாக அதிகம் தின்பவர்தான் மாட்டுவார், ஹோஸ்டில் அது பெரிய விஎம்.

உங்கள் கணக்கில் 8 ஜிபி மிச்சம் இருப்பது போலத் தெரிகிறது. ஆனால் இசட்எஃப்எஸ் தன் கேஷுக்கு (டிஸ்க்கில் படித்ததைக் கைவசம் வைத்துக்கொள்ளும் இடம்) ரேமில் பாதி வரை எடுத்துக்கொள்ளும். கேட்டால் திருப்பித் தரும், ஆனால் எப்போதும் கேட்ட வேகத்தில் தராது. 1 மணிக்கு பேக்கப் ஓடுகிறதா? அப்படியென்றால் அந்த நேரத்தில்தான் கேஷ் வீங்கும். ப்ராக்ஸ்மாக்ஸ் 8.1 முதல் புதிதாக நிறுவும்போது ரேமில் 10 சதவீதம் என்று வரம்பு போட்டே தருகிறார்கள். உங்களுடையது அதற்கு முன்னால் நிறுவியதாக இருக்கும். அந்த கேஷின் உச்ச வரம்பான ‘இசட்எஃப்எஸ் ஆர்க் மேக்ஸ்’ என்ற அளவை 4 ஜிபியாக வையுங்கள். பைட்டில் எழுத வேண்டும்: 4294967296. இனிட்ராம்எஃப்எஸ்ஸை (பூட் ஆகும்போது முதலில் ஏறும் ஃபைல்) புதுப்பித்து ஹோஸ்டை ரீபூட் செய்யுங்கள்.

கேள்வி: சர்வரில் புதிதாக ஒரு 10ஜி நெட்வொர்க் கார்டு செருகினோம். அதன் பிறகு ஹோஸ்ட் நெட்வொர்க்கில் வரவே இல்லை. பழைய போர்ட்டில் லைட் எரிகிறது.
- வாசகி, ஓசூர்

பதில்: பழைய போர்ட்டின் பெயர் மாறியிருக்கும். லினக்ஸ் அதற்குப் பெயர் வைப்பதே பிசிஐ இடத்தை (மதர்போர்டில் அது எங்கே இணைந்திருக்கிறது என்பதை) வைத்துத்தான். கார்டு செருகியதும் ‘பி3’ என்று இருந்தது ‘பி4’ ஆகிவிடும். ஹோஸ்டையும் விஎம்களையும் அந்தப் போர்ட்டோடு இணைக்கும் பிரிட்ஜ் இன்னும் பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும். மானிட்டரும் கீபோர்டும் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். ‘ஐபி லிங்க்’ கொடுத்துப் புதுப் பெயரைப் பார்த்து, நெட்வொர்க் இன்டர்ஃபேஸ் ஃபைலில் ‘பிரிட்ஜ்-போர்ட்ஸ்’ வரியில் மாற்றுங்கள். ஐந்து நிமிட வேலை.

கேள்வி: இரண்டு வருடமாக நன்றாக ஓடிய சர்வரில் திடீரென்று எல்லா விஎம்மும் ஒரே நாளில் மந்தமாகிவிட்டன. சிபியு 15 சதவீதம்கூடத் தாண்டவில்லை. பல டிஸ்க்குகளை ஒன்றாக நடத்தும் ரெய்டு கார்டு இருக்கிறது. டிஸ்க் எதுவும் ஃபெயில் ஆகவில்லை.
- வாசகர், சேலம்

பதில்: ரெய்டு கார்டின் பேட்டரியைப் பாருங்கள். கரன்ட் போனாலும் கார்டின் கேஷில் இருப்பதைக் காப்பது அதுதான். அது செத்தால் கார்டு, கேஷில் வாங்கி வைத்துப் பிறகு எழுதுவதை நிறுத்திவிட்டு, எழுத வந்த ஒவ்வொன்றையும் டிஸ்க்கிலேயே எழுதி முடித்த பிறகுதான் பதில் சொல்லும். சுழலும் டிஸ்க் என்றால் இது நன்றாகவே உறைக்கும். கார்டின் மேலாண்மைத் திரையில் ‘ரைட்-பேக்’ இருந்த இடத்தில் ‘ரைட்-த்ரூ’ என்று நின்றால் இதேதான்.

புதுப் பேட்டரி வரும்வரை ரைட்-பேக்கைக் கட்டாயமாக ஆன் செய்துகொள்ளலாமா என்று அடுத்து கேட்பீர்கள். யூபிஎஸ் இருந்தாலும் வேண்டாம். சர்வருக்குள் இருக்கும் பவர் சப்ளை போனால் யூபிஎஸ் ஒன்றும் செய்ய முடியாது, கேஷில் இருப்பது போய்விடும்.