கை வீசினால் மாறும் பாட்டு

கேள்வி: எக்ஸ்பாக்ஸில் 'ஃபேன்டேசியா: மியூசிக் இவால்வ்டு' என்ற வீடியோ கேமை ஆட ஆரம்பித்தால் என் மகனுக்குச் சாப்பாடே மறந்துபோகிறது. அப்படி என்னதான் இருக்கிறது அதில்?

பதில்: நானும் அதில் மூழ்கியவன்தான். கையில் பிடிக்க எதுவுமே கிடையாது, அதுதான் முதல் சுகம். கினெக்ட் கேமரா நம் உடம்பைப் பார்த்துக்கொண்டே இருக்கும். திரையில் அம்புக்குறி காட்டும் பக்கம் தாளம் தப்பாமல் கையை வீச வேண்டும், நீளமான கோடு வந்தால் அதன் போக்கிலேயே கையைக் கொண்டுபோக வேண்டும். அப்புறம் பாட்டின் நடுவிலேயே எந்த வாத்தியம் ஒலிக்க வேண்டும் என்று நாமே மாற்றலாம், அந்த நொடியில் பாட்டின் நிறமே மாறிவிடும். சில இடங்களில் கையை அசைத்தே ஒரு சின்ன மெட்டுப் போடலாம். நாம் போட்ட மெட்டு கொஞ்ச நேரம் கழித்து அதே பாட்டுக்குள் திரும்ப ஒலிக்கும்போது, அடடா, எனக்கு இன்றும் சிலிர்க்கிறது!

'கிட்டார் ஹீரோ' என்ற இசை கேமைச் செய்த ஹார்மோனிக்ஸ் நிறுவனம்தான் இதையும் உருவாக்கியது, 2014இல் வந்தது. கினெக்ட் தயாரிப்பை மைக்ரோசாஃப்ட் 2017இல் நிறுத்திவிட்டதால் அந்தக் கேமராவைப் பத்திரமாக வைத்திருங்கள். சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு பாட்டு முடிந்ததும் கூப்பிடுங்கள், நடுவில் வேண்டாம்.