பாதி விலைக்கு அறை, சிவப்புக் கொடியோடு கடல்

கேள்வி: ஜூலையில்தான் எனக்கும் மனைவிக்கும் சேர்ந்தாற்போல் விடுப்பு கிடைக்கிறது. தாய்லாந்தின் புக்கெட்டில் கடல் பார்த்த அறை ஒன்று, டிசம்பர் விலையில் பாதிக்கு வருகிறது. ‘கிரீன் சீசன் சலுகை, ஆண்டு முழுவதும் 30 டிகிரி’ என்று விளம்பரம். ரத்து செய்தால் பணம் திரும்பாதாம். எடுக்கலாமா?

பதில்: ‘கிரீன் சீசன்’ என்றால் மழைக்காலம். மழைக்காலம் என்று போட்டால் அறை விற்காதே! 30 டிகிரி பொய்யில்லை, ஆனால் அதை வைத்து நீங்கள் எதையும் முடிவு செய்ய முடியாது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் பகல் வெப்பம் ஜனவரியிலும் ஜூலையிலும் ஏறக்குறைய ஒன்றுதான். மாறுவது மழையும் காற்றும். புக்கெட்டில் பிப்ரவரியில் சில பத்து மில்லிமீட்டர் மழை பெய்தால், செப்டம்பரில் அது 300-ஐத் தாண்டிவிடும்.

மழையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பல நாட்களில் ஓரிரு மணி நேரம் கொட்டிவிட்டு வெளுத்துவிடும். தொல்லை கடலில்தான். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அலைகளைத் தள்ளிக்கொண்டு வந்து புக்கெட்டின் மேற்குக் கரையில் மோதுகிறது. பேர்பெற்ற கடற்கரைகள் இருப்பதும் அந்தப் பக்கம்தான். வானம் பளிச்சென்று இருக்கும், கரையில் ‘கடலில் இறங்காதே’ என்று சிவப்புக் கொடி பறக்கும். அலையைவிட மோசம், கரையிலிருந்து ஆளை உள்ளே இழுக்கும் நீரோட்டம். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் அதில் மாட்டுகிறார்கள். பக்கத்துச் சிமிலன் தீவுகளுக்குப் போய்வரலாம் என்றால், மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை அந்தத் தேசியப் பூங்காவையே மூடிவிடுவார்கள்.

ஆக, பாதி விலைக்கு அறை, நீச்சல்குளம், பால்கனியிலிருந்து மழை எல்லாம் கிடைக்கும், கடல் கிடைப்பது சந்தேகம். புத்தகமும் தூக்கமும் போதும் என்பவர்களுக்கு இது நல்ல பேரம், கிண்டலாகச் சொல்லவில்லை. கடலில் இறங்கத்தான் போகிறீர்கள் என்றால் வேண்டாம்.

மாதத்தை மாற்ற முடியாவிட்டால் கரையை மாற்றுங்கள். தென்மேற்குக் காற்று அடிக்கும்போது கிழக்குப் பார்த்த கரைகள் பெரும்பாலும் அமைதியாக இருக்கும், வடகிழக்குக் காற்று வந்ததும் அப்படியே தலைகீழ். மலேசியாவின் கிழக்கே பெர்ஹென்தியான், ரெடாங் தீவுகளுக்கு ஜூலை நல்ல காலம். நவம்பரில் அங்கே பல விடுதிகள் கதவைச் சாத்திவிடும், அப்போது மேற்கே இருக்கும் லங்காவிதான் சரி. இலங்கையில் தென்மேற்கே காலி (Galle) நகரப் பக்கம் கடல் கொந்தளிக்கும் ஜூலையில் கிழக்கே திருகோணமலையில் கடல் குளம்போல இருக்கும். தாய்லாந்துதான் வேண்டும் என்றால் வளைகுடாப் பக்கம் கோ சாமுய் போகலாம். அங்கே ஜூலையில் அவ்வப்போது தூறல் உண்டு, கனமழை அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை. பாலிக்கு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். ஆனால் ஜூலை, ஆகஸ்டில் உலகமே அங்கே வந்து நிற்கும், விலையும் அதற்கேற்ப. உங்கள் இடத்தில் நான் இருந்தால் திருகோணமலை அல்லது பெர்ஹென்தியான்.

கேள்வி: மே முதல் வாரத்தில் கிரீஸ் தீவுகளுக்குப் போகிறோம். வெயில் இருக்குமா?

பதில்: வெயில் இருக்கும், தண்ணீர் சில்லென்று இருக்கும். கடல் மெதுவாகத்தான் சூடேறும், மெதுவாகத்தான் ஆறும். மே மாதத்தில் ஏஜியன் கடல் நீர் 18, 19 டிகிரி அளவில் இருக்கும். காலை நனைத்துவிட்டு ஓடிவந்துவிடுவீர்கள். செப்டம்பரில் அதே தண்ணீர் 24 டிகிரியை ஒட்டி இருக்கும், ஆகஸ்ட் கூட்டமும் கலைந்திருக்கும். ஊர் சுற்றிப் பார்க்க மே, குளிக்க செப்டம்பர். இனிமேல் காற்றின் வெப்பநிலை அட்டவணையோடு ‘கடல் நீர் வெப்பநிலை’ என்று தனியாகத் தேடிப் பாருங்கள்.

கேள்வி: செப்டம்பரில் கரீபியன் தீவுகளில் விலை சரிந்து கிடக்கிறது. புயல் வந்தால் பயணக் காப்பீடு கைகொடுக்கும்தானே?

பதில்: எப்போது காப்பீடு எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அட்லாண்டிக் சூறாவளிக் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, உச்சம் செப்டம்பர் 10-ஐ ஒட்டி. விலை சரியக் காரணம் அதுதான். ஒரு புயலுக்குப் பெயர் வைத்த பிறகு நீங்கள் பாலிசி எடுத்தால், ‘தெரிந்தே வாங்கியது’ என்று சொல்லி அந்தப் புயலுக்கான இழப்பைப் பெரும்பாலான நிறுவனங்கள் தராது. எனவே டிக்கெட் போட்ட அன்றே எடுத்துவிடுங்கள். இன்னொன்று: ‘புயல் வருமோ என்று பயந்து நானே ரத்து செய்தேன்’ என்பது வழக்கமான பாலிசிகளில் செல்லாது. விமானம் ரத்தாக வேண்டும், அல்லது விடுதி தங்க முடியாத நிலைக்குப் போக வேண்டும். எந்த நிலையில் பணம் வரும் என்ற பகுதியை வாங்கும் முன்பே வரிவரியாகப் படியுங்கள்.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் அரூபா, பொனேர், குராசோ என்று தெற்கு ஓரத்தில் மூன்று தீவுகள் இருக்கின்றன. வெனிசுலாவுக்குப் பக்கத்தில் இருப்பதால் பெரும்பாலான புயல்கள் அவற்றுக்கு வடக்கே கடந்து போய்விடும். அதனாலேயே செப்டம்பரில் அங்கே மற்ற தீவுகள் அளவுக்குத் தள்ளுபடியை எதிர்பார்க்காதீர்கள்.