கூரைத் தண்ணீர் இறங்கும் மழைத் தோட்டம்: எந்த நாட்டுச் செடி நிற்கும்?

கேள்வி: மதுராந்தகம் பக்கம் களிமண் நிலம். வீட்டின் ஓட்டுக் கூரை 1,000 சதுர அடி. மழைக்காலத்தில் கூரைத் தண்ணீர் வாசலை அரித்துக்கொண்டு தெருவுக்கு ஓடுகிறது. அதைத் திருப்பிவிட்டு, நாட்டுச் செடிகள் வைத்து மழைத் தோட்டம், அதாவது கூரைத் தண்ணீர் தேங்கி மண்ணில் இறங்கும் ஆழமில்லாத குழித் தோட்டம், அமைக்க எண்ணம். வல்லாரை, வசம்பு, கல்வாழை, துளசி, கற்றாழை என்று குறித்து வைத்திருக்கிறேன். ஓர் அடிக் குழி வெட்டித் தண்ணீர் ஊற்றிப் பார்த்ததில் மணிக்கு அரை அங்குலம் இறங்கியது. பக்கத்தில் மாட்டுக் கொட்டகை இருக்கிறது, ஆடுகளும் உண்டு. இந்தச் செடிகள் சரியாக வருமா? எப்போது நடலாம்?

பதில்: உங்கள் பட்டியலில் உள்ள ஐந்தில் குழிக்குள் வைக்கத் தக்கது ஒன்றுகூட இல்லை. மழைத் தோட்டம் என்றதும் ஈரம் விரும்பும் செடிகளைத் தேடுவது இயல்புதான். ஆனால் உங்கள் பகுதியில் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போகும். தை பிறந்தால் ஆனி வரை அந்தக் குழி காய்ந்தே கிடக்கும். ஆக, இரண்டு நாள் தண்ணீரில் நின்றாலும் அழுகாமல், ஐந்து மாதம் காய்ந்தாலும் வேர் சாகாமல் இருக்கிற செடிதான் வேண்டும். அப்படிப்பட்டவை ஏரி உள்வாயிலும் வயல் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் தானாக வளர்ந்து நிற்கின்றன. நர்சரிக்குப் போகும் முன் அங்கே போய்ப் பாருங்கள்.

வசம்புக்குச் சேறு எப்போதும் வேண்டும், மாசியிலேயே காய்ந்துவிடும். வல்லாரையும் கோடை வெயிலில் நிற்காது. குளியலறைத் தண்ணீர் போகும் நிழலான இடத்தில் தனியாக வையுங்கள். துளசி தண்ணீர் தேங்கினால் வேரழுகிப் போகும், குழியைச் சுற்றிய கரை மேட்டில் மட்டும் வைக்கலாம். கற்றாழை அரபு நாட்டிலிருந்து வந்தது, கல்வாழை அமெரிக்காவிலிருந்து வந்தது. நாட்டுச் செடி என்று நீங்கள் கேட்பதில் இரண்டும் சேராது. தவிர, தேங்கும் நீரில் கற்றாழை அழுகும், கோடையில் கல்வாழைக்குத் தண்ணீர் கட்டியாக வேண்டும்.

செடிக்கு முன் குழியின் அளவைத் தீர்மானியுங்கள். 1,000 சதுர அடிக் கூரையில் 1 மி.மீ. மழை பெய்தால் 93 லிட்டர் தண்ணீர். 25 மி.மீ. மழைக்கு 2,300 லிட்டர் வரும். ஓடு குடித்ததும் தெறித்ததும் போக சுமார் 2,000 லிட்டர் கிடைக்கும். 15 அடி நீளம், 10 அடி அகலம், 8 அங்குல ஆழம் வெட்டி, நான்கு பக்கமும் 2 அடிச் சரிவு விட்டால் ஏறத்தாழ அவ்வளவு பிடிக்கும். சரிவு விடாமல் செங்குத்தாக வெட்டினால் முதல் மழையிலேயே ஓரம் சரிந்து குழி மேடாகும். வீட்டுச் சுவரிலிருந்து 10 அடியாவது தள்ளியிருக்கட்டும். கழிவுநீர்த் தொட்டிப் பக்கம் வேண்டாம்.

மணிக்கு அரை அங்குலம் என்றால் 8 அங்குலத் தண்ணீர் 16 மணி நேரத்தில் இறங்கிவிடும், அது போதும். ஆனால் காய்ந்து வெடித்த களிமண்ணில் சோதித்திருந்தால் அந்தக் கணக்கை நம்பாதீர்கள். வெடிப்பு குடித்த தண்ணீரை மண் குடித்ததாகக் காட்டும். முதல் நாள் குழியை நிரப்பி ஊறவிட்டு, மறுநாள் மீண்டும் நிரப்பி அளந்து பாருங்கள். மணிக்கு 5 மி.மீ.க்குக் குறைவாக இறங்கினால் ஆழத்தை 4 அங்குலமாகக் குறைத்து, பரப்பை இரட்டிப்பாக்குங்கள். தண்ணீர் இரண்டு நாளுக்கு மேல் நிற்கக் கூடாது. கொசு முட்டை வளர்ந்த கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும் என்பதால், இரண்டு நாளில் வடிகிற குழியில் கொசு பிறக்காது.

களிமண்ணைத் தளர்த்த நாலு கூடை மணல் கொட்டிக் கொத்திவிடுவது பலர் செய்வது. அது கெடுதல். கொஞ்சமாகச் சேர்த்த மணல் களியோடு இறுகிச் செங்கல் மாதிரி ஆகிவிடும். செய்வதானால் குழியின் அடியில் ஓர் அடி மண்ணை எடுத்துவிட்டு, பருமணல் ஐந்து பங்கு, மேல்மண் மூன்று பங்கு, நன்றாக மக்கிய எரு இரண்டு பங்கு கலந்து நிரப்புங்கள். கிரஷர் தூசி கலந்த மணல் வேண்டாம், நுண்துளைகளை அடைத்துவிடும்.

குழியின் அடித்தளத்துக்கு முதல் தேர்வு பொடுதலை. தண்ணீரில் மூழ்கினாலும் மீளும், கோடையில் இலை சுருங்கினாலும் முதல் மழையில் துளிர்க்கும், கணுவுக்குக் கணு வேர்விட்டு மண்ணைப் பிடிக்கும். தேனீக்களும் வரும். வரப்பிலிருந்து அரையடித் தண்டுகளாக எடுத்து, ஓரடிக்கு ஒன்றாக நடுங்கள். 70 தண்டு போதும். எடுக்கும்போது வேர்மண்ணை முழுதும் கழுவிவிட்டு நடவேண்டும். இல்லாவிட்டால் கோரைக்கிழங்கு கூடவே வந்துவிடும், அதை அப்புறம் ஒழிப்பது பெரும்பாடு.

அடுத்தது வெட்டிவேர். தண்ணீர் நுழையும் இடத்திலிருந்து 3 அடி தள்ளி ஓட்டத்துக்குக் குறுக்கே ஒரு வரிசை, எதிர்க் கரையின் அடியில் ஒரு வரிசை. இலையை 20 செ.மீ. விட்டு, வேரை 5 செ.மீ. விட்டு நறுக்கி, குழிக்கு மூன்று தூர், அரையடி இடைவெளி. இடைவெளியைக் கூட்டினால் தண்ணீர் சந்து பார்த்துப் பாய்ந்து அரிக்கும். வெயில் நன்றாக விழவேண்டும், நிழலில் மெலிந்துபோகும். நம் பக்கம் வேருக்காகப் பயிரிடும் வகை விதையால் பரவுவதில்லை. வேருக்கு நல்ல விலை கிடைக்கும் என்பதற்காக இந்த வரிசையைத் தோண்டிவிடாதீர்கள், தோட்டத்தின் எலும்பே அதுதான்.

சரிவுக்கு நொச்சி. ஆற்றோரத்திலும் வளரும், வறட்சியும் தாங்கும். விரல் பருமனில் முக்கால் அடிக் குச்சிகளை 4 அடிக்கு ஒன்றாக ஊன்றுங்கள். கரை மேட்டின் உச்சிக்கு ஆவாரையும் ஆடாதோடையும். ஆடாதோடையைச் சரிவுக்குக் கீழே இறக்கினால் அழுகும். ஆடுகள் நொச்சியையும் ஆடாதோடையையும் பெரும்பாலும் தொடாது என்பதால் வெளிப்பக்கம் இவை இருப்பது நல்லது. வெட்டிவேரின் இளந்தளிரை மேயும், முதல் வருடம் வேலி அவசியம். கரையில் செங்காந்தள் அழகுதான், ஆனால் அதன் கிழங்கு உயிரைக் கொல்லும் விஷம். குழந்தைகளும் ஆடுகளும் நடமாடும் வீட்டில் வேண்டவே வேண்டாம். மண்ணை மூட அருகம்புல் கரையின் வெளிச்சரிவில் மட்டும் இருக்கட்டும், உள்ளே விட்டால் பொடுதலையை அமுக்கிவிடும்.

மரம் வேண்டுமென்றால் வடபுறத்தில் குழியிலிருந்து 10 அடி தள்ளி ஒரு புங்கன் வையுங்கள். வருடத்தின் பெரும்பகுதி சூரியன் தென்சாய்வில் இருப்பதால் நிழல் வெட்டிவேர் மேல் விழாது. நீர்மருது தண்ணீருக்கு ஏற்றதே, வீட்டருகே அது பெருமரம்.

நர்சரியில் தரைமூடி என்று மஞ்சள் பூ வெடிலியாவைக் காட்டினால் வாங்காதீர்கள். அதுவும் நெய்வேலிக் காட்டாமணக்கும் வாய்க்காலுக்குள் தப்பினால் ஊருக்கே தொல்லை.

நடவு ஆடி, ஆவணியில். மாலை மழையில் வேர் பிடித்து, ஐப்பசி வெள்ளம் வரும்போது செடி நிற்கும். நட்ட ஆறு வாரம் வரை கூரைத் தண்ணீரை மணல் மூட்டை வைத்துத் திருப்பிவிடுங்கள். ஐப்பசியில் நட்டால் நாற்று மிதந்துபோகும். குழிக்குள் வைக்கோல், தேங்காய் மட்டை மூடாக்கும் மிதக்கும். அவை கரைக்கு மட்டும். தண்ணீர் விழும் இடத்தில் கைப்பிடி அளவுக் கற்களைப் பரப்புங்கள்.

100 மி.மீ. கொட்டும் நாளில் 9,000 லிட்டருக்கு மேல் வரும், உங்கள் குழி கொள்ளாது. தாழ்ந்த பக்கக் கரையில், கரை உச்சியைவிட 2 அங்குலம் தாழ்வாக, 2 அடி அகலத்துக்குக் கல் பதித்துக் கலங்கல் விடுங்கள். மிகைநீர் வயல் வாய்க்காலுக்குப் போகட்டும். கலங்கல் இல்லாத குழியில் கரை தானே ஓரிடத்தில் உடைத்துக்கொள்ளும்.

கொட்டகைத் தரை கழுவும் நீரை இதில் சேர்க்காதீர்கள். சாணக் கரைசல் மண் துளைகளை அடைக்கும், கோமியத்தின் தழைச்சத்து கோரையைத்தான் வளர்க்கும், அருகில் கிணறு இருந்தால் அதுவும் கெடும். அந்த நீரைத் தென்னைக்கோ தீவனப்புல்லுக்கோ விடுங்கள்.

முதல் கோடையில் பத்து நாளுக்கு ஒரு தண்ணீர், இரண்டாம் கோடையில் மாதம் இரண்டு. உரம் தேவையில்லை. வெட்டிவேரைத் தை மாதம் ஓரடி விட்டு அறுத்துக் கரைக்கு மூடாக்காகப் போடுங்கள். பங்குனியில் குழி நுழைவாயிலில் படிந்த வண்டலை ஓரங்குலம் சுரண்டி எடுத்துவிடுங்கள். அடுத்த மழையில் தண்ணீர் மூன்றாம் நாளும் நின்றால் முதலில் பார்க்கவேண்டியது அந்த வண்டல் படலத்தைத்தான்.