நீண்ட தூரத்துக்குக் காரை விட விமானம் மேல் என்கிறார்களே, ஏன்?

'வாசலுக்கு வாசல் நேரம்' என்று ஒன்று உண்டு. நம் வீட்டுப் படி இறங்கியதிலிருந்து போய்ச் சேர வேண்டிய வீட்டின் படி ஏறும் வரை ஆகும் மொத்த நேரம் அது. டிக்கெட்டில் இருப்பது அதில் ஒரு துண்டுதான்.

சென்னையிலிருந்து கோவைக்குச் சாலையில் சுமார் 500 கி.மீ. சாப்பாடு, டீ, டோல்கேட் எல்லாம் சேர்த்தால் 9 மணி நேரம் ஆகிவிடும். விமானம் ஒன்றேகால் மணி நேரத்தில் போய்விடும். ஆனால் பெட்டி போடும் கவுன்ட்டரைப் பொதுவாக 1 மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். மீனம்பாக்கம் போகும் வழி நெரிசல், பாதுகாப்புச் சோதனை, இறங்கியபின் பெட்டிக்குக் காத்திருப்பது என்று கூட்டினால் 5 மணி நேரம் வரும்.

விஷயம் என்னவென்றால், இந்தக் காத்திருப்பு தூரத்தோடு வளர்வதில்லை. கார் பயணம் தோசை மாதிரி, எத்தனை தோசையோ அத்தனை நேரம். விமானம் இட்லிப் பானை. தண்ணீர் கொதிக்கக் காத்திருக்க வேண்டும். அப்புறம் நாலு இட்லியும் ஒன்றுதான், இருபதும் ஒன்றுதான். டெல்லிக்கு 2,200 கி.மீ. போனாலும் கூடுவது ஒன்றரை மணி நேரம்தான். புதுச்சேரிக்கு, சரி, காரே போதும். நாலு பேர் குடும்பமும் ஊறுகாய் ஜாடியும் இருந்தால் கோவைக்கும் நான் காரைத்தான் எடுப்பேன்.

ஸ்டீயரிங் நம் கையில் இருப்பதால் கார்தான் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே தூரத்துக்குக் கணக்கிட்டால் உயிராபத்து சாலையில்தான் பல மடங்கு அதிகம்.