டேனியல் பூன் யாருக்காக வேட்டையாடினார்?

வணக்கம் சார்,

18ஆம் நூற்றாண்டு அமெரிக்க வேட்டைக்காரர் டேனியல் பூன் பற்றி ஒரு ஆவணப்படம் பார்த்தேன். தலையில் ரக்கூன் தோல் தொப்பி, கையில் நீளத் துப்பாக்கி, மாதக்கணக்கில் காட்டு வாசம். சந்தை, முதலாளி, கடன் எதுவும் தீண்டாத கடைசி சுதந்திர மனிதர்கள் இவர்கள்தான் என்று தோன்றியது. சரிதானா?

எம்., கோவை

அன்புள்ள எம்.,

முதலில் தொப்பியைக் கழற்றிவிடுவோம். பூன் அணிந்தது சாதாரண ஃபெல்ட் தொப்பி. ரக்கூன் வாலெல்லாம் பின்னால் வந்தவர்கள் மாட்டிவிட்டது.

சுதந்திரம் என்கிறீர்களே, அங்கேதான் எனக்குத் தகராறு. காட்டுக்குள் கால் வைப்பதற்கு முன்பே அந்த வேட்டைக்காரர் பெரும்பாலும் கடனாளி. வெடிமருந்தும் ஈயமும் கடையில் கணக்கு எழுதி வாங்கியவை. திரும்பி வந்து தோலாகக் கட்ட வேண்டும். வட கரோலினாவில் இருந்தபோதே பூன் மீது கடன் வழக்குகள் இருந்தன.

வேலையும் படத்தில் வருகிற மாதிரி இல்லை. சுடுவது நொடி நேரம். அப்புறம் மானை உரித்து, முடியையும் மேல்தோலையும் சுரண்டி எடுத்து, காய்ந்த தோலைப் பலகை விளிம்பில் முன்னும் பின்னும் இழுத்துத் தேய்த்து வளையும் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். இந்த அரைப்பதத்தில் ஒரு தோல் சுமார் இரண்டரை ராத்தல், அதாவது ஒரு கிலோவுக்குச் சற்று மேல். ஒரு குதிரைக்கு இரண்டு கட்டு, ஏறக்குறைய 100 தோல். சுமை சேரும்வரை கட்டுகளை ஓநாயும் கரடியும் எட்டாத உயரத்தில் பரண் போட்டு வைப்பார்கள். நனைந்தால் ஒரு பருவத்தின் உழைப்பு போயிற்று.

சரி, அது யாருடைய காடு? அப்பலாச்சிய மலைகளுக்கு மேற்கே வெள்ளையர் குடியேறக்கூடாது என்று 1763இல் பிரிட்டிஷ் மன்னரே ஆணை போட்டிருந்தார். 1769இல் பூன் கூட்டாளிகளுடன் கம்பர்லேண்ட் கணவாய் வழியாக அந்த மலைகளைத் தாண்டிக் கெண்டக்கிக்குள் போனார். டிசம்பரில் ஷானி என்ற பூர்வகுடி மக்கள் அவரையும் கூட்டாளி ஜான் ஸ்டூவர்ட்டையும் பிடித்தார்கள். அதுவரை சேர்த்த தோல், குதிரை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ஊர் போய்ச் சேரும்வரை பட்டினி கிடக்கக்கூடாதென்று ஆளுக்கு இரண்டு ஜோடி தோல் செருப்பு, ஒரு சிறு துப்பாக்கி, கொஞ்சம் வெடிமருந்தும் குண்டும் கொடுத்தார்கள். இது எங்கள் வேட்டை நிலம், மறுபடி வந்தால் குளவிகள் கொட்டும் என்று எச்சரித்து அனுப்பினார்கள். திருட்டு வேட்டைக்காரனுக்கு இதைவிட மரியாதை எந்த நிலக்காரன் தருவான்? பூன் போகவில்லை. தம்பி ஸ்குவயர் கொண்டுவந்த பொருட்களை வைத்து 1771 வரை அங்கேயே வேட்டையாடினார். வீடு திரும்பும் வழியில் மறுபடி எல்லாம் பறிபோனது. இரண்டு வருட வேட்டையில் மிஞ்சியது கடன்தான்.

படம் உங்களுக்குக் காட்டாத பெரிய கூட்டம் ஒன்று உண்டு. தென்பகுதித் தோல் வியாபாரத்தைச் சுமந்தவர்கள் க்ரீக், செரோக்கி என்ற பூர்வகுடி வேட்டைக்காரர்கள். தோலை மானின் மூளையைத் தேய்த்துப் பதப்படுத்தி, புகையூட்டி முடித்தது அவர்கள் வீட்டுப் பெண்கள். 1699 முதல் 1715 வரை தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து மட்டும் வருடத்துக்குச் சராசரி 54,000 மான் தோல் கப்பலேறியது. இங்கிலாந்தில் அது காற்சட்டையும் கையுறையுமானது. ஐரோப்பாவில் கொள்ளைநோயில் மாடுகள் செத்து விழுந்தபோது மான் தோலுக்கு இன்னும் கிராக்கி கூடியது.

இவர்களுக்கும் துப்பாக்கி, துணி, ரம் எல்லாம் கடனில்தான் வந்தது. மான் குறையக் குறையக் கடன் ஏறியது. கடைசியில் தோல் போதாமல் வியாபாரிகள் நிலத்தைக் கேட்டார்கள். 1773இல் அகஸ்டாவில் போட்ட ஒப்பந்தத்தில், வியாபாரிகளின் பாக்கியைத் தீர்க்க க்ரீக்குகளும் செரோக்கிகளும் 20 லட்சம் ஏக்கருக்கு மேல் ஜார்ஜியா என்ற பிரிட்டிஷ் காலனிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அந்த நிலத்தைக் குடியேறிகளுக்கு விற்று வரும் பணத்தில் வியாபாரிகளின் கணக்கைத் தீர்ப்பதாக ஏற்பாடு.