ஜிம்மில் 120 கிலோ வைத்து ஸ்குவாட் செய்யும் என்னால் ஏற்காடு மலைப்பாதையில் நான்கு வளைவுகூட சைக்கிள் மிதிக்க முடியவில்லை. கால் பலம் போதவில்லையா?

பலம் போதாமல் இல்லை. கேள்வியைப் படித்ததும் எனக்கு அப்பா நினைவுதான் வந்தது. சேலம் லீ பஜாரில் இருபத்தைந்து வருடம் மூட்டை தூக்கியவர். லாரியிலிருந்து 50 கிலோ மூட்டையை முதுகில் வாங்கி, விறுவிறுவென்று போய்க் குடோனில் இறக்குவார். திரும்பி வரும்போது மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நிதானமாக நடப்பார். அவரை ஒரு மார்கழியில் நாகலூர்ப் பக்கம் சித்தி வீட்டுக்குக் கூட்டிப்போனேன். காப்பித் தோட்டத்துச் சரிவில் பாதி ஏறுவதற்குள் உட்கார்ந்துவிட்டார். சித்தி 45 கிலோகூட இருக்க மாட்டார். பறித்த பழச் சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு, "மாமா, மெதுவா வாங்க" என்று பேசிக்கொண்டே மேலே போய்விட்டார். அப்பாவின் கால் ஒரு வேலைக்குப் பழகியது, சித்தியின் கால் வேறு வேலைக்கு. நீங்கள் ஜிம்மில் பழக்கி வைத்திருப்பது அப்பாவின் காலை.

தசை நேரடியாகச் செலவழிப்பது ஏடிபி என்ற ஒரே பொருளைத்தான். சோறு, களி, இடுப்புக் கொழுப்பு எல்லாமே ஏடிபி ஆனால்தான் தசை சுருங்கும். தசையில் இருக்கும் ஏடிபி கையிருப்போ இரண்டு மூன்று விநாடிக்குத்தான் வரும். செலவானதை உடனுக்குடன் ஈடுகட்ட உடம்புக்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, தசைக்குள்ளேயே தயாராக இருக்கும் கிரியாட்டின் பாஸ்பேட் என்ற பொருள். மிக வேகமானது, ஆனால் முழு மூச்சாகச் செய்தால் பத்து விநாடியில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். நம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினாரே, அந்த ஓட்டமும் தாவலும் சில விநாடி வேலை. அதற்கு இதுதான் எரிபொருள். சின்னப்பம்பட்டி நடராஜன் ஓடிவந்து யார்க்கர் போடுவதும் அப்படித்தான். ஆனால் பந்து போட்டுவிட்டு அவர் திரும்பி நடக்கிறாரே, அந்த நடையைக் கவனியுங்கள். தீர்ந்துபோன கிரியாட்டின் பாஸ்பேட் அரை நிமிடத்தில் பாதியளவு திரும்பிவிடும், முழுசாக நிரம்ப மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். நிரப்புவதற்கு ஆக்சிஜன் வேண்டும். அப்பா துண்டை உதறிக்கொண்டு மெதுவாக வந்தது அதற்காகத்தான் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் விளங்கியது. நீங்கள் இரண்டு செட்டுக்கு நடுவில் ஓய்வெடுப்பதும் இதற்குத்தான். மலைப்பாதையில் அந்த ஓய்வு கிடைக்காது.

இரண்டாவது வழி, ஆக்சிஜனுக்குக் காத்திராமல் சர்க்கரையை உடைப்பது. ஒரு குளுக்கோஸுக்கு நிகரமாக இரண்டே ஏடிபிதான் கிடைக்கும், ஆனால் சட்டென்று கிடைக்கும். அரை நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடம் வரை உயிரைக் கொடுத்துச் செய்யும் வேலைகளில் இதன் பங்கு பெரிது. காந்தி ஸ்டேடியத்தில் 400 மீட்டர் ஓடுகிற பிள்ளைகளைப் பாருங்கள், கடைசி 80 மீட்டரில் கால் மரக்கட்டை மாதிரி ஆகிவிடும். அந்த வேகத்தில் தசைக்குள் அமிலத்தன்மை ஏறுவதும் அதற்கு ஒரு காரணம்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மறுநாள் கால் வலித்தால் "லாக்டிக் ஆசிட் தேங்கிடுச்சு" என்று ஜிம்மிலேயே சொல்கிறார்கள். அது உண்மை இல்லை. அவர்கள் சொல்வது லாக்டேட்டை, இரண்டாவது வழியில் சர்க்கரை உடையும்போது உண்டாகும் பொருள். அது ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் பழைய அளவுக்கு இறங்கிவிடும். அது கழிவும் இல்லை, இதயமே அதை எரிபொருளாக எடுத்துக்கொள்கிறது, ஈரல் அதைத் திரும்பவும் குளுக்கோஸ் ஆக்குகிறது. மறுநாள் வலி தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சேதத்தால் வருவது. ஏற்காட்டிலிருந்து நடந்து இறங்கியவர்களுக்கு ஏறியவர்களைவிடத் தொடை அதிகமாக வலிப்பது அதனால்தான், இறங்கும்போது தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குகிறது.

மூன்றாவது வழிதான் சித்தியுடையது. செல்லுக்குள் இருக்கும் குட்டி அடுப்புகளான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் ஆக்சிஜனோடு சர்க்கரையும் கொழுப்பும் எரியும். ஒரு குளுக்கோஸுக்குச் சுமார் 30 ஏடிபி. மணிக்கணக்கில் ஓடும், ஆனால் சூடு பிடிக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். மூன்று வழிகளும் எப்போதும் சேர்ந்தேதான் வேலை செய்கின்றன, பங்குதான் மாறும். ஒன்றேகால் நிமிடம் முழு வேகத்தில் ஓடினால்கூட ஏறக்குறைய பாதி இந்த மூன்றாவது வழியிலிருந்துதான் வருகிறது.

இப்போது உங்கள் நான்காவது வளைவுக்கு வருவோம். 20 கொண்டை ஊசி வளைவு, ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏற்றம். அடிவாரத்தில் ஜிம் வேகத்தில் கிளம்பியிருப்பீர்கள். மூன்றாவது வழி சூடு பிடிக்கும் முன்பே முதலாவது தீர்ந்து, இரண்டாவதன் தலையில் மொத்தச் சுமையும் விழுந்திருக்கும். அதற்கு அப்புறமும் வேகத்தைக் குறைக்காமல் மிதித்தால் கால் நிற்கத்தான் செய்யும்.

சரி, மெதுவாகப் போனால் போதுமா என்றால், வயிற்றையும் பார்க்க வேண்டும். 2019ல் நான் ராத்திரி சரியாகச் சாப்பிடாமல், காலையில் வெறும் காப்பியோடு ஏறினேன். பதினாலாவது வளைவில் கை நடுங்கியது, கண் இருட்டியது, அழுகை மாதிரி வந்தது. தோட்ட வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மா நின்று, "கண்ணு, எதாச்சும் தின்னியா?" என்று கேட்டு, தூக்குவாளி மூடியில் சர்க்கரை தூக்கலான வரட்டீயும் இரண்டு மலைவாழைப் பழமும் கொடுத்தார். கால் மணி நேரத்தில் எழுந்து நின்றேன். உடம்பு சேர்த்து வைக்கும் சர்க்கரையான கிளைகோஜன் தசையில் 400, 500 கிராம், ஈரலில் 100 கிராம் அளவுக்குத்தான் இருக்கும். இரவு முழுக்கப் பட்டினி கிடந்தால் ஈரலில் உள்ளது வெகுவாகக் குறைந்துவிடும், மூளைக்குப் போகும் சர்க்கரை அங்கிருந்துதான் வருகிறது. கொழுப்பு எவ்வளவு இருந்தாலும் அது மெதுவாகத்தான் எரியும், ஏற்றத்தின் அவசரத்துக்கு அது மட்டும் ஈடுகொடுக்காது.

ஸ்குவாட்டை விடாதீர்கள். கூடவே வாரம் மூன்று நாள் ஓமலூர், மேட்டூர் ரோட்டில் பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டுங்கள். தசையில் மைட்டோகாண்ட்ரியாவும் நுண்ணிய ரத்தக் குழாய்களும் பெருகுவது இந்தச் சலிப்பான ஓட்டத்தில்தான். வாரத்தில் ஒரு நாள் மட்டும் மூச்சு வாங்க நான்கு நிமிடம், லேசாக நான்கு நிமிடம் என்று மாற்றி மாற்றி மிதியுங்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து, முந்தின ராத்திரி நன்றாகச் சாப்பிட்டு, கோரிமேட்டிலிருந்தே மெதுவாக மிதித்துச் சூடேற்றிக்கொண்டு அடிவாரம் போய்ச் சேருங்கள். முதல் ஐந்து வளைவுக்கு யார் முந்தினாலும் விட்டுவிடுங்கள். பத்தாவது வளைவில், பசிக்காவிட்டாலும், ஒரு வாழைப்பழம்.