மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் ஸ்கூபா டைவிங் போகலாமா?

கேள்வி: "வயது 47, ஊர் மதுரை. இரண்டு முட்டியிலும் தேய்மானம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஸ்கூபா டைவிங் போக ரொம்ப நாள் ஆசை. விட்டுவிடத்தான் வேண்டுமா?"

விட வேண்டியதில்லை. ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். உங்களுக்கு முட்டியில் குருத்தெலும்பு தேய்ந்திருக்கிறதா, இல்லை எலும்புக்கே ரத்தம் போகாமல் எலும்பு செத்துக்கொண்டிருக்கிறதா? வலி இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கலாம், நடையும் ஒரே மாதிரி சாயலாம். கடலுக்கு அடியில் போவதென்று வந்தால் மட்டும் இரண்டுக்கும் பதில் வேறு வேறு. எங்கள் வீட்டில் இரண்டு வகையும் இருப்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நான் பள்ளி ஆசிரியை, திருநகரில் இருக்கிறேன். இரண்டு முழங்காலிலும் ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ், அதாவது குருத்தெலும்புத் தேய்மானம். என் தம்பிக்கு 2021 கொரோனா அலையில் ஸ்டீராய்டு கொடுத்துத்தான் உயிரைக் காப்பாற்றினார்கள். அதற்கு அடுத்த வருடம் தொடை இடுக்கில் வலி ஆரம்பித்தது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் இடுப்பு மூட்டின் பந்து எலும்பில் ஏ.வி.என். என்று வந்தது. அவாஸ்குலர் நெக்ரோசிஸ், அதாவது ரத்த ஓட்டம் நின்று எலும்பு சாவது. அந்தச் சமயத்தில் ஸ்டீராய்டு எடுத்தவர்கள் பலருக்கு இது வந்தது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தேதான் டைவிங் போவதாக இருந்தோம். எங்கள் எலும்பு டாக்டர் இரண்டு பேர் படங்களையும் பார்த்துவிட்டு, "டீச்சர், நீங்க தாராளமா போங்க. தம்பி, நீங்க சிலிண்டர் மாட்டவே வேண்டாம்" என்றார்.

காரணம் இதுதான். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 10 மீட்டர் ஆழத்தில் நாம் சுவாசிக்கும் காற்று கரையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு அழுத்தத்தில் இருக்கும். முட்டிக்குள் இருப்பது திரவம், அதை அழுத்தம் ஒன்றும் செய்யாது. மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை செய்தவர்களுக்குக்கூட, புண் முழுதாக ஆறி, நடை தெளிந்து, செய்த டாக்டர் சரி என்றால் போகலாம். அந்த உலோகத்துக்குள் நசுங்குவதற்குக் காற்று ஏதும் கிடையாது.

பிரச்சினை காற்றில் இருக்கும் நைட்ரஜனால் வருவது. அழுத்தம் கூடும்போது அது ரத்தத்திலும் கொழுப்பிலும் கரைகிறது. எலும்பு மஜ்ஜையில் கொழுப்பு அதிகம். அவசரமாக மேலே வந்தால் கரைந்த நைட்ரஜன் குமிழ்களாகி, எலும்புக்குப் போகும் மெல்லிய ரத்தக் குழாய்களை அடைத்துவிடலாம். டிஸ்பாரிக் ஆஸ்டியோநெக்ரோசிஸ், அதாவது அழுத்த மாற்றத்தால் எலும்பு சாகும் நோய்க்கு மருத்துவர்கள் சொல்லும் முக்கியக் காரணம் இது. தோள்பட்டைப் பந்தும் இடுப்புப் பந்தும்தான் இதில் அதிகம் கெடும். பாலத்துக்கும் சுரங்கத்துக்கும் அடித்தளம் தோண்ட அழுத்தக் காற்றில் வேலை செய்த தொழிலாளர்களிடம் நூறு வருடங்களுக்கு முன்பே இதைப் பார்த்திருக்கிறார்கள். நம் ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரைகளில் கம்ப்ரசர் குழாய் வழியாகக் காற்று வாங்கிக்கொண்டு சங்கு எடுக்க இறங்குகிறவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. ஒரே நாளில் திரும்பத் திரும்ப இறங்கி, இடையில் நிற்காமல் ஏறுகிற பிழைப்பு அது. ஆசைக்குப் போகும் நமக்கு ஆழம் காட்டும் கம்ப்யூட்டரும் பக்கத்திலேயே ஒரு பயிற்சியாளரும் இருக்கிறார்கள். வயிற்றுக்காக இறங்குகிறவர்களுக்கு அது இல்லையே என்பது எனக்கு உண்மையிலேயே பெரிய மனக்கஷ்டம்.

பொழுதுபோக்குக்காக டைவ் செய்கிறவர்களுக்கு இது மிக அரிதாகத்தான் வருகிறது. முதல் முறை முயற்சி செய்கிறவர்களை 12 மீட்டருக்குக் கீழே கூட்டிப் போக மாட்டார்கள். அடிப்படைச் சான்றிதழ் வாங்கினால் 18 மீட்டர். மேலே வரும்போது நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தைத் தாண்டாமல் வந்து, 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்க வைப்பார்கள். ஆனால் தம்பிபோல் ஏற்கெனவே ரத்தம் சரியாகப் போகாத பந்து எலும்பு இருந்தால், சின்ன ஆபத்தைக்கூட ஏன் அதன்மேல் ஏற்ற வேண்டும்? இன்னொன்று, புதிதாக ஏதாவது கெட்டால் அது பழைய நோயா, டைவிங்கால் வந்ததா என்று பிரித்துச் சொல்லவும் முடியாது. அதனால் ஏ.வி.என். என்று அறிக்கையில் இருந்தால் டைவிங் ஆசையை விட்டுவிடுங்கள் என்பதுதான் என் பதில். வலி இல்லாத ஆரம்ப நிலை என்றாலும் அப்படித்தான்.

உங்களுக்கு வெறும் முட்டித் தேய்மானம்தான் என்று வைத்துக்கொண்டு மீதியைச் சொல்கிறேன்.

தண்ணீருக்குள் ஒரு கஷ்டமும் இல்லை. கஷ்டமெல்லாம் படகில்தான். காற்று நிரப்பிய அலுமினிய சிலிண்டர் மட்டுமே 16, 17 கிலோ வரும். மிதப்பைச் சரிசெய்யும் காற்று ஜாக்கெட், மூழ்க உதவும் ஈயக் கட்டி எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய 25 கிலோ. பாரம் ஏதும் இல்லாமல் படி ஏறும்போதே முட்டி மூட்டில் நம் எடையைப்போல் சுமார் மூன்று மடங்கு சுமை இறங்குகிறது. இந்தப் பாரத்தையும் தூக்கிக்கொண்டு ஆடும் படகில் எழுந்து நிற்பதும், முடிந்தபின் ஏணியில் ஏறுவதும் நம் முட்டிக்கு ஆகவே ஆகாது. அதனால் எந்த டைவிங் மையத்துக்குப் போன் செய்தாலும் விலை கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்: "சிலிண்டரைத் தண்ணீரில் இறக்கிவிட்டு அங்கேயே மாட்டிக்கொள்ளலாமா? முடிந்ததும் தண்ணீரிலேயே கழற்றிக் கொடுக்கலாமா?" நல்ல இடமென்றால் யோசிக்காமல் சரி என்பார்கள். நான் போனது புதுச்சேரி. முதலில் ஈயக் கட்டியை மேலே கொடுத்தேன், அப்புறம் ஜாக்கெட்டோடு சிலிண்டரை, கடைசியில் காலில் மாட்டும் துடுப்பான ஃபின். பிறகு பாரம் ஏதும் இல்லாமல் ஏணி ஏறினேன். படகுத் தம்பி ஒருவர் "அவசரமில்லக்கா, மெதுவா வாங்க" என்று கை கொடுத்தார். நீங்களும் முட்டி வலியை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிட்டால் எல்லோரும் உதவுவார்கள். கரையிலிருந்து நடந்து இறங்குகிற டைவ் என்றால் மறுத்துவிடுங்கள். பாரத்தோடு கல்லிலும் அலையிலும் நடப்பது படகைவிட மோசம்.

ஃபின் நீளமாக, விறைப்பாக இருந்தால் முட்டி இழுக்கும். மெத்தென்று வளைவதைக் கேட்டு வாங்குங்கள். காலை இடுப்பிலிருந்து மேலும் கீழுமாக அசையுங்கள். தவளைபோல் விரித்து உதைக்கும் முறை முட்டியை உள்பக்கம் திருகும், அது நமக்கு வேண்டாம்.

கீழே போனபின் இருக்கும் அனுபவத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வகுப்பறையில் ஒரு பீரியட் நின்றால் அடுத்த பீரியடுக்கு நாற்காலி தேடுகிறவள் நான். பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும். கடலுக்கு அடியிலோ, ஜாக்கெட்டில் காற்றைச் சரியாக வைத்துக்கொண்டு மிதக்கும்போது முட்டிமேல் எடையே இல்லை. மடக்கினேன், நீட்டினேன், திரும்பினேன். எதற்கும் வலி வரவில்லை. இத்தனை வருடத்தில் என் காலை நான் மறந்திருந்தது அந்த நேரத்தில்தான். இதற்காகவே உங்களைப் போகச் சொல்கிறேன்.

இனி வலியும் மருந்தும். கரைந்த நைட்ரஜன் உடம்பில் குமிழ்களாவதால் வரும், பெண்ட்ஸ் எனப்படும் டிகம்ப்ரஷன் நோய் மூட்டு வலியாகத்தான் பெரும்பாலும் தலைகாட்டும். தோள், முழங்கை, முட்டி. நமக்கோ வலி ஏற்கெனவே இருக்கிறது. அதனால் டைவிங்குக்கு முன்னால் எந்த மூட்டில், எந்த அசைவில், எவ்வளவு வலி, விரல் மரத்துப்போகிறதா என்று ஒரு தாளில் எழுதி, கூட வருகிறவரிடம் கொடுத்து வையுங்கள். பிறகு புது இடத்தில் வலியோ மரமரப்போ வந்தால் "பழைய வலிதான்" என்று படுத்துவிடாமல் உடனே பயிற்சியாளரிடம் சொல்ல வேண்டும். இறங்குவதற்கு முன்னால் வலி மாத்திரை போட்டுக்கொண்டால் அந்த எச்சரிக்கையே மறைந்துபோகலாம். கழுத்துத் தேய்மானத்துக்குத் தூக்கம் வரவைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இறங்கவே கூடாது. மையத்தில் தரும் மருத்துவப் படிவத்தில் முதுகுப் பிரச்சினை உண்டா என்று கேட்டிருக்கும். உண்டு என்றால் உண்டு என்றே எழுதி, டாக்டர் கையெழுத்து வாங்குங்கள். எலும்பு டாக்டர்கள் எல்லோருக்கும் டைவிங் பற்றித் தெரிந்திருக்காது. அந்தப் படிவத்தைப் பிரிண்ட் எடுத்துக் கையோடு கொண்டுபோனால் அவர்களுக்கும் முடிவு சொல்ல வசதி.

பயணத்தில் பெண்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால், வழியில் கழிப்பறை கிடைக்காது என்று பயந்து நாம் தண்ணீரே குடிப்பதில்லை. உடம்பில் நீர் குறைந்தால் பெண்ட்ஸ் வரும் வாய்ப்பு கூடும். முதல் நாளே போய்ச் சேர்ந்து, நன்றாகத் தண்ணீர் குடித்து, காலையும் நீட்டி மடக்கிவிட்டு மறுநாள் இறங்குங்கள்.

தம்பியைப் பற்றிக் கேட்பீர்கள். டாக்டர் அனுமதியோடு அவன் ஸ்நார்க்கலிங் செய்கிறான். தண்ணீர்மேல் மிதந்தபடி குழாய் வழியாக மூச்சு விடுவதில் அழுத்தக் காற்றுக்கு வேலையில்லை, இடுப்பிலும் பாரம் விழுவதில்லை. மண்டபம் பக்கம் பாக் விரிகுடாவில் காற்று அடங்கிய காலத்தில் ஆழமில்லாத தண்ணீர் தெளிவாக இருக்கும். கடற்புல்லும் மீன்களும் மேலேயிருந்தே தெரியும். "நீ பாத்தத எனக்குச் சொல்லுக்கா" என்று புதுச்சேரி படகில் எனக்காகக் காத்திருந்தவன், முகமூடியைக் கழற்றிவிட்டு அங்கே தானாகப் பேச ஆரம்பித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

கடைசியாக, மதுரைக்காரர்கள் எல்லோரும் மறந்துவிடுகிற ஒரு விஷயம். டைவிங் முடிந்ததும் விமானம் ஏறக்கூடாது, ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரமாவது கழிய வேண்டும் என்று எல்லோரும் சொல்லித் தருவார்கள். உயரமான மலைக்கும் இதே விதிதான். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம், பறக்கும் விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தமும் ஏறக்குறைய அந்த உயரத்தில் இருக்கும் அளவுதான். கடல், மதுரை, கொடைக்கானல் என்று ஒரே மூச்சில் சுற்றுலா போடுவது நம் ஊர் வழக்கம். டைவிங்குக்கு மறுநாள் முழுக்க மதுரையில் தங்குங்கள். கோயிலுக்குப் போங்கள், ஓய்வெடுங்கள். மலை ஏறுவதை அதற்கு அடுத்த நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.